இராசம்மா என்ற ருக்மணி தேவி

மாத்தளையில் 'செட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது முத்துமாரியம்மன் கோயில். 1874 இல் அக்கோயில் எழப் பொருளுதவி செய்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆகவே, சிங்களத் திரையின் முதற் கதாநாயகி ருக்மணி தேவி செட்டி வம்சத்தவர் என்று நான் சொன்னால், ஊர் நண்பர்கள் அவரையும் காரைக்குடிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் வேறு செட்டி.

1923 இல் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். சிறுமியாக இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். 1939 இல் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடி இசைத்தட்டில் வெளிவந்தது, புத்தகயா விகாரையைப் போற்றும் பாடல். 1947 ஜனவரி 21 இல் திரைக்கு வந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ'வின் நாயகி அவரே. மினர்வா நாடகக் குழுவின் அந்நாடகத்தைத் தென்னிந்தியாவில் படமாக்கித் தந்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். உடன் நடித்த எடி ஜெயமான்ன அவருடைய கணவர். கிறிஸ்தவப் பிறப்பு, தமிழ்ப் பெயர், இந்துப் புராணத்துப் புனைபெயர், பௌத்தப் பாடல், சிங்களப் புகழ் யாவும் ஒரே பெண்ணிடம் சண்டையின்றிக் குடியிருந்தன.

கொழும்புச் செட்டிகள் தென்னிந்திய வணிகரின் வழிவந்தவர்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவராயினர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி இவர்களுள் ஒருவர். சில காலம் இலங்கைத் தமிழரோடு சேர்த்து எண்ணப்பட்ட இவர்களுக்கு, 2001 குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் செட்டி' என்று தனிக்கட்டம் இருந்தது. ஒரே சொல் ஓரிடத்தில் சாதி, ஓரிடத்தில் குடும்பப் பெயர், ஓரிடத்தில் இனம்.

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 2006 இல் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடரொன்றால் புகழ்பெற்ற சீன நடிகை யாவ் சென்னின் குடும்பப் பெயர், தென்சீன மலைகளில் வாழும் யாவ் சிறுபான்மையினரின் பெயரைப் போலவே ஒலிக்கும். எழுத்து வேறு, அவர் ஹான் இனத்தவர். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் பெயரும் நடிகையுடையதே. செவியை மட்டும் நம்பினால் மூவரையும் ஒரே குலமாக்கிவிடுவோம்.

சீனத்தில் இது ஒரு பொதுஅறிவுக் கேள்வியாக இருக்கலாம். இலங்கையில் பெயரை வைத்து இனம் பார்ப்பது உயிர் தொடர்பான செயலாகவும் இருந்தது. 1983 ஜூலையில் மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. நான் அப்போது பள்ளி மாணவன். அதன்பின் பல மாதங்கள் பஸ்ஸில் ஏறினால் அம்மா என் பெயரைச் சொல்லி அழைக்கமாட்டார். சிங்களத்தில் 'புத்தா' என்பார். மகனே என்றுதான் பொருள். ஆயினும் வீட்டில் அழைக்கும் 'தம்பி' எங்கே போயிற்று என்று எனக்குள் ஓர் ஏக்கம்.

ருக்மணி தேவி அதைக் காணவில்லை. 1978 ஒக்டோபர் 28 இல், மாத்தறையில் நிகழ்ச்சி முடித்துத் திரும்புகையில் துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் இறந்தார். சிங்கள மக்கள் தம் சொந்தக் குயிலை இழந்ததாகவே அழுதார்கள்.

இன்று அவரை 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடும் தமிழ்க் கட்டுரைகளைப் படிக்கிறேன். பெருமைப்படலாம். ஆனால் பெயரைத் தோண்டி இனத்தை எடுக்கும் அந்த வேலையை வேறொரு கூட்டம் வேறொரு நோக்கத்தோடு செய்ததை நாம் கண்டிருக்கிறோம். இராசம்மாவை நமக்கென்று பிரித்தெடுப்பதைவிட, ஒரு காலத்தில் இந்நாட்டு ரசிகர்கள் அவருடைய இனத்தைக் கேளாமலே கைதட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பயனுடையது என்பேன்.