நின்று நின்று போகும் பழைய பிக்கப்

கடத்தூர் பக்கம் பழைய டாடா 207 வைத்திருப்பவரிடம் "வண்டி எப்படிண்ணா ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடுது... ஆனா அப்பப்ப ஆஃப் ஆயிடுது" என்று பதில் வரலாம். இதற்கு மெக்கானிக்குகள் பலர் முதலில் கை வைப்பது பம்ப், நாசிலில்தான். கழற்றி, டவுனுக்கு அனுப்பி, ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டினால் மறுபடியும் நிற்கும்! கோளாறு ஒரு சாதாரண ரப்பர் ஹோஸில் இருந்திருக்கும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வழியில்லை. (பாஷ் நிறுவனம் இந்த டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது 1927இல். பெங்களூர் மைகோ 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் பழைய ஆட்கள் வாயில் அது மைகோ பம்ப்தான்.) ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. காற்று, கம்ப்ரஷன், டீசல் மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜின் ஓடியாக வேண்டும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, எப்படி நிற்கிறது என்பதுதான். சாவியைத் திருப்பியது போல சட்டென்று நின்றால், ஸ்டாப் சொலினாய்டு உள்ள வண்டியில் அதன் ஒயரைப் பாருங்கள். சாவி போடும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும். மூச்சு வாங்குவது போல இழுவை குறைந்து, தடுமாறி நின்றால் டீசல் போதவில்லை என்று அர்த்தம். லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் நின்றால் அடைத்த பில்டர் மேல்தான் முதல் சந்தேகம். பில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் வடித்துப் பார்த்துவிடலாம்.

டேங்க் மூடியையும் மறக்கக் கூடாது. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் சரியாக ஓடினால் விஷயம் முடிந்தது. செலவே இல்லை!

ஏமாற்றுவது ஏர் லீக்தான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே இல்லாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நடுவில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் மாட்டினால் குமிழி தெரிந்துவிடும். அல்லது சுத்தமான டீசல் கேனை உயரத்தில் கட்டி நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். நிற்காமல் ஓடினால், பம்பைக் கழற்றும் வேலை மிச்சம்.

இதையெல்லாம் தள்ளிப்போடுபவர்கள் தொப்பூர் கணவாயை நினைக்க வேண்டும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இன்ஜின் சுற்றினால்தான் உண்டாகும். இறக்கத்தில் இன்ஜின் நின்றால், மீதமிருக்கும் வேக்குவத்தில் ஓரிரு மிதிதான் நன்றாகப் பிடிக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் ஆஃப் செய்து நியூட்ரலில் விடுபவர்கள் இந்த ஆபத்தைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஹோஸ், வாஷர் மாற்றியதும் பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டு, இராத்திரி அப்படியே நிறுத்தி வையுங்கள். காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்தால் லீக் அடைபட்டிருக்கிறது. ரொம்ப நேரம் சுற்றவிட்டால், இன்னொரு வாஷர் எங்கோ பாக்கி.