காடியில் மிஞ்சும் புல்

புதுச்சேரி நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவில், 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் செம்மண் மேட்டில் குதிரையேற்றப் பள்ளி ஒன்று இயங்கிவருகிறது. இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் தீவனம் பெரும்பாலும் மாட்டுக்குரியது. பாகூர் வயல்களின் வைக்கோல், நேப்பியர் ஒட்டுப்புல், தவிடு ஆகியவற்றைக் கொண்டு மாட்டைப் பேணிவிடலாம், குதிரையைப் பேண இயலாது. குதிரைக்கு வேண்டிய உலர்புல், அதாவது பூக்கும் பருவத்துக்கு முன்னரோ அதன் தொடக்கத்திலோ அறுத்து, ஈரம் 15 விழுக்காட்டுக்குள் இறங்கும்வரை காயவைத்துக் கட்டிய புல், கடற்காற்றின் ஈரத்திலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையிலும் விரைவில் கெட்டுவிடுகிறது. ஈரம் ஏறிய கட்டு உள்ளே சூடேறிப் பூசணம் பிடிப்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை.

குதிரைக்கு அது தெரிந்துவிடுகிறது. மேலுதட்டைக் கைவிரல் போல அசைத்து, இலையைப் பிரித்தெடுத்துத் தடித்த தண்டையும் நாற்றமடிக்கும் பகுதியையும் ஒதுக்கும் திறன் அதற்கு உண்டு. ஆகவே சாயிசு எனப்படும் குதிரைப் பராமரிப்பாளரின் காலைப் பணி, காடியில், அதாவது தீவனத் தொட்டியில், எது மிஞ்சியிருக்கிறது என்று கிளறிப் பார்ப்பதில் தொடங்குகிறது. தண்டு மட்டும் மிஞ்சினால் புல் முற்றியது. தொடப்படாமலே கிடந்தால் கட்டில் பூசணம் இருக்கக்கூடும். பாதி மென்ற உருண்டைகள் தரையில் கிடந்தால் குறை புல்லில் இல்லை, கூர்ந்துவிட்ட கடைவாய்ப் பற்களில் இருக்கிறது. எல்லாக் குதிரைகளும் ஒதுக்கினால் தீவனத்தையும், ஒன்று மட்டும் ஒதுக்கினால் அக்குதிரையின் பல், காய்ச்சல், வயிறு ஆகியவற்றையும் முதலில் ஐயுறுவது தேர்ந்த பணியாளரின் முறை. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் பாடங்களில் இந்தக் காடி வாசிப்பு அதற்குரிய மதிப்போடு இடம்பெறத் தக்கது.

இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று கருதிப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயல்வது பெருந்தவறு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. பசியில் கெட்ட புல்லோடு உட்கொண்ட நஞ்சு வெளியேற வழியின்றி, வயிற்றுவலி நோயாக முற்றி உயிரையே வாங்கலாம். அதன் இரைப்பை இடைவிடாது அமிலம் சுரப்பது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுவது. எனவே வெறுங்காடியின் முன் நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் உண்டாகிறது. தூசி மட்டும் உள்ள புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கலாம். முற்றிய புல்லை நறுக்கி நல்ல புல்லோடு கலந்து, ஒரு வாரத்துக்குக் குறையாமல் சிறிது சிறிதாகப் பழக்கலாம். பூசணம் பிடித்ததை நனைத்தாலும் பயனில்லை. அதை வெல்லப்பாகு தெளித்து உண்ணவைப்பது, குதிரைக்கு இயற்கை தந்த காவலை ஏமாற்றுவதே ஆகும். பூசண வித்துகள் நுரையீரலில் புகுந்து, தீராத இளைப்பு நோயைத் தருகின்றன.

புல்லை ஒதுக்கும் குதிரைக்குத் தவிடும் கொள்ளும் கூட்டி ஈடுசெய்வது இன்னொரு தவறு. தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. நேப்பியர் புல்லிலும் வைக்கோலிலும் உள்ள ஆக்சலேட் என்னும் உப்பு, இருக்கும் சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த உப்பைப் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. ஆகவே உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்க, முக எலும்புகள் வீங்கும் பெருந்தலை நோய் வருகிறது. சுண்ணாம்புச்சத்து மிக்க குதிரை மசால் என்னும் தீவனப்பயிரை அளவோடு சேர்ப்பது இதற்குத் தக்க தடுப்பு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து பெருவிலைக்கு வாங்கப்பட்ட குதிரைகள் சோறும் சமைத்த இறைச்சியும் ஊட்டப்பட்டு, பேணத் தெரிந்தவர் இன்றி மடிந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். உலர்புல் வாய்க்காத கரையில் குதிரை வளர்ப்பின் இடர் அத்துணைப் பழையது.

இக்கரைக்கு ஏற்ற விடை அறுகம்புல். முந்நூறு கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உலர்பொருள் உண்ணவேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால், அது இருபத்திரண்டரை முதல் முப்பது கிலோ புல்லாகிறது. வரப்போரத்தில் குனிந்து, படரும் கொடியை மண்ணும் வேரும் வராமல் அரிவாளால் அறுத்துச் சேர்ப்பவரின் உழைப்பு அந்த எடைக்குள் இருக்கிறது. கூலியைப் பேசுவோர் இதை நினைவிற்கொள்வது நியாயம். மழைநாளில் வரும் ஈரப்புல் குவியலாகக் கிடந்தால் சில மணி நேரத்தில் சூடேறிவிடும் ஆதலால், பணியாளர்கள் அதை நிழலில் பரப்பி, கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்த பின்னரே காடியில் இடவேண்டியிருக்கிறது.