கன்னத்துக்குள் ஒட்டியிருந்த சோறு

போன மாதம் ராசிபுரம் பக்கமிருந்து ஒரு மரவள்ளி விவசாயி போனில் கூப்பிட்டார். மாவுப்பூச்சி பற்றிப் பேசி முடித்ததும், "சார், இன்னொண்ணு கேக்கோணுங்க. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு மாசமாப் படுக்கையில இருக்காருங்க. பக்கத்துல போனா வாய் நாத்தம் தாங்க முடியல. மருந்துச் சூடுங்களா?" என்றார்.

மருந்துச் சூடு இல்லை. அன்றைக்கு மாவுப்பூச்சியைவிட இதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். என் அம்மா பட்ட பாடு அப்படி.

அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்துபோனபோது மாத்திரை, கை கால் பயிற்சி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது என எல்லாம் செய்தோம். வாயை மட்டும் விட்டுவிட்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சாப்பிட்டதும் ஒரு வாய் தண்ணீர், துண்டால் உதட்டை ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் காய்ச்சலும் நெஞ்சில் கறகறப்பும் வந்தன. திரும்பக் கொண்டுபோனபோது, நர்ஸ் இடது கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துக் காட்டினார். முந்தின நாள் சோறு உருண்டையாக ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் நோய்த்தடுப்பு சொல்கிறவன் நான். அங்கே நிற்கவே கூசியது. நிமோனியா என்றார்கள். அம்மா பிழைத்து வந்தது பெரிய காரியம்.

விழுந்துபோன பக்கத்துக் கன்னத்தில் உணர்வு குறைவு. உணவு தங்கினாலும் தெரியாது, நாக்கும் துழாவி எடுக்காது. அதில் கிருமி பெருகும். விழுங்கும் சக்தியும் குறைந்திருப்பதால் அந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நமக்கென்றால் புரையேறி இருமித் தள்ளிவிடுவோம். இவர்களில் சிலருக்கு இருமலே வராது. மூக்கு வழியாக டியூப்பில் உணவு போகிறவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று நினைக்காதீர்கள். மெல்லாத வாய் காய்ந்துபோய் இன்னும் அழுக்கு படியும்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும், இரவு தூங்கும் முன்பும், அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்வோம். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். மல்லாந்த நிலை வேண்டாம். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ், துளி பேஸ்ட். பல், ஈறு, நாக்கு எல்லாம் மெதுவாகத் தேய்த்து, நுரையை ஈரத்துணியால் துடைத்து எடுப்போம். விழுங்கத் திணறுகிறவரைக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், நான் கடிபட்டிருக்கிறேன். பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். உறவுக்காரர் ஒருவர் உப்பும் கரியும் போடச் சொன்னார். அது வேண்டாம், ஈறு புண்ணாகும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கை காலோடு நிறுத்தாமல், விழுங்குவதையும் வாயையும் பற்றி அவரிடம் கேளுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரலில் ஈரக் கரகரப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாலு நாள் கழித்து ராசிபுரத்துக்காரர் திரும்பக் கூப்பிட்டார். "கன்னத்துக்குள்ள பாக்குத் துண்டு கெடந்துச்சுங்க சார்!" ஆசைப்பட்டுக் கேட்டாரே என்று அவருடைய அம்மாதான் வெற்றிலை மடித்துக் கொடுத்திருக்கிறார். போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.