தாண்டுமுன் கற்பவை

விலங்குகளைப் பழக்கும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. காட்டு யானையைப் பிடித்து வந்து கட்டளைக்கு அடங்கச் செய்தவர் நம் முன்னோர். இடையனுக்குத் துணையாக நாய் இராமுழுதும் கிடை காத்து நிற்றலைச் சிற்றூர்ப் புறங்களில் இன்றும் காணலாம். ஆயினும், வேலையின்பொருட்டன்றி விளையாட்டின்பொருட்டே மனிதரும் நாயும் ஒருங்கே ஓடிப் பயிலும் கலையொன்று உண்டு. அதனை ஆங்கிலேயர் அஜிலிட்டி என்பர். நாம் தடையோட்டம் எனலாம். பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின், என் அறுபத்தாறாம் அகவையில், அக்கலையின் அரிச்சுவடியைக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எனக்கு ஆசிரியையாக அமைந்தவள் எட்டாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி.

இவ்விளையாட்டின் பிறப்பு வியப்புக்குரியது. 1978ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், ஒலிம்பியா மண்டபத்தில், கிரஃப்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சி நடைபெற்றது. நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர் சலிப்புறாதிருக்க வழியென்ன என்று விழாக் குழுவைச் சார்ந்த ஜான் வார்லி எண்ணினார். குதிரைகள் தடை தாண்டும் பந்தயம் அவர் நினைவுக்கு வந்தது. நாய் பழக்குவதில் வல்லவரான பீட்டர் மீன்வெல் என்பாரின் துணையோடு, அதே முறையில் நாய்களுக்கும் ஒரு களம் அமைத்தார். இடைவேளையை நிரப்ப வந்த விளையாட்டு அவையோர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 1980இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதனை ஏற்றுக்கொண்டது. 1996இல் உலகப் போட்டியும் தொடங்கிற்று.

களத்தில் தாண்டுதற்குரிய குறுக்குக் கோல்கள் இருக்கும். நுழைந்து வெளிவருதற்குரிய நீண்ட குழாய் இருக்கும். வீட்டுக் கூரைபோல் இருபுறமும் சரிந்த ஏற்றமும், ஒடுங்கிய பலகைப் பாலமும், சிறுவர் ஏறி விளையாடும் சீசாப் பலகையும் இருக்கும். யாவற்றினும் அரியது கழிவரிசை. 60 செ.மீ. இடைவெளியில் நட்ட பன்னிரண்டு கழிகளின் ஊடே, முதற்கழி தன் இடத்தோளின் பக்கம் அமையப் புகுந்து, பாம்புபோல் நெளிந்து நாய் வெளிவர வேண்டும். எத்தடைக்குப்பின் எத்தடை என்பதை நடுவர் ஒவ்வொரு முறையும் புதிதாக வகுப்பார். அவ்வரிசை நாய்க்குத் தெரியாது. உடன் ஓடுபவருக்கே தெரியும். அவரோ ஓட்டத்தினிடையே நாயைத் தொடலாகாது. கையில் தின்பண்டமோ பொம்மையோ வைத்திருத்தலும் ஆகாது. குரலாலும் உடலசைவாலும் மட்டுமே வழிகாட்டல் வேண்டும்.

இதற்கு உயர்குலத்து நாய் வேண்டும் என்று பலர் எமக்கு அறிவுரை கூறினர். பார்டர் கோலி என்னும் இனத்தை வாங்குமாறு ஒருவர் வற்புறுத்தினார். அவ்வினம் இவ்விளையாட்டில் தலைசிறந்தது என்பது மெய்யே. ஆனால், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட குளிர்மலைகளில் ஆடு மேய்க்கத் தோன்றிய நாயை மதுரைச் சித்திரை வெயிலில் வாட்டுதல் அறமாகாது என்பது என் கருத்து. மேலும், கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் தடையோட்டத்திலேயே கலப்பின நாய்களும் ஓடுகின்றன. எம் தெருநாய் ஒன்று ஈன்ற ஐந்து குட்டிகளுள் ஒன்றை, அது தாய்ப்பால் மறந்தபின், எட்டாம் வாரத்தில் பேத்தி எடுத்து வந்தாள்.

பெயரிடும் உரிமையை எனக்கு அளித்தாள். அதன் கருநிறம் கண்டு, "அஞ்சனவண்ணன்" என்றேன்.

"தாத்தா, நீங்கள் இப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குட்டி மூன்று தடைகளைக் கடந்து போய்விடுமே!" என்றாள்.

"முகில்" என்று முடிவாயிற்று. பெயர் கேட்டதும் குட்டி நம் முகத்தை நோக்க வேண்டும். நோக்கிய அக்கணமே துவரம்பருப்பளவு வேகவைத்த முட்டைத் துண்டு அதன் வாய்க்குச் செல்ல வேண்டும். இதுவே முதற்பாடம். பெயரைச் சொல்லிக் கடிந்துகொள்ளலாகாது என்பது எங்கள் வீட்டில் எல்லார்க்கும் இடப்பட்ட ஆணை. (பரிசென எண்ணி உலர்ந்த திராட்சையை நாய்க்குக் கொடுப்போர் உளர். திராட்சை நாய்க்கு நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.)

கட்டளைச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னைச் சார்ந்தது. இப்பணியில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று. தமிழில் ஏவல் ஒருமை, வினையின் பகுதியாகவே நிற்கும். ஈறு ஒன்றும் வேண்டா. நன்னூலார் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே எடுத்துக் காட்டுவதை மேல்வகுப்பு மாணவர் அறிவர். 'வா', 'ஏறு', 'தாவு', 'நுழை' என ஓரிரண்டு எழுத்துகளிற் கட்டளை முடிந்துவிடுகிறது. நாய் பழக்குவோர்க்கென்றே ஆக்கி வைத்தாற்போன்றது நம் மொழி! ஒலியால் ஒன்றையொன்று ஒத்த சொற்கள் மட்டும் ஆகா. 'நில்' என்பதும் 'நுழை' என்பதும் நகரத்தில் தொடங்கி மயக்கம் தரும். ஆதலின் நிற்றற்கு 'இரு' என வைத்தோம். பாலத்தினின்று இறங்கும்போது, அடியில் வேறு வண்ணம் தீட்டிய பகுதியில் நாய் காலூன்றியே தீர வேண்டும். உயரத்தினின்று குதித்து ஊறுபடாதிருத்தற்கு ஏற்பட்ட விதி அது. அதற்கு 'மிதி' என்ற சொல்லை வைத்தோம். கழிவரிசைக்குப் 'பின்னு' என்பது. கூடை பின்னுவோரைக் கண்டவர்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

இவ்வாறு ஆய்ந்தெடுத்த சொற்களை முகில் எந்த அளவு மதித்தது? ஒரு நாள் பேத்தி எனக்கு ஒரு சோதனை நடத்திக் காட்டினாள். நாற்காலிகள்மேல் என் வேட்டியை விரித்து அமைத்த குகை ஒருபுறம். தரையிற் கிடத்திய பலகை மறுபுறம். குகையின்பால் முகம் திருப்பாமல், தோளும் கால்விரலும் பலகையை நோக்க நின்று, "நுழை" என்றாள். முகில் பலகைமேல் ஏறிற்று. மீண்டும் சொன்னாள், மீண்டும் பலகையே. பின்னர் வாய் திறவாமல் தோளை மட்டும் குகைப்பக்கம் திருப்பினாள். குட்டி வேட்டிக்குள் பாய்ந்து மறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் சொல்லையும் பொருளையும் கற்பித்து வாழ்ந்தவன் நான். என் மாணாக்கன் ஒருவன் என் சொல்லை விட்டு என் தோளைப் படிப்பதை அன்றுதான் கண்டேன். உள்ளம் சிறிது சுருங்கியது உண்மை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, பேசாத உயிர் பேசாத உறுப்பைக் கேட்பதில் வியப்பில்லை என்று தோன்றிற்று.

அதனால், பயிற்சியின் பெரும்பகுதி மனிதருக்கே ஆயிற்று. நாயின்றி வெறுங்கையுடன் முற்றத்தில் நடந்து, எங்கே திரும்புவது, எக்கையை நீட்டுவது என்று நான் பயின்றேன். போட்டிகளிலும் ஓட்டத்திற்கு முன் நாயின்றிக் களத்தை நடந்து பார்க்க நேரம் அளிப்பர். வெற்றிடத்தில் கைநீட்டித் திரும்பும் முதியவனை மதில்மேல் எட்டிப் பார்த்த அயலார் என்ன நினைத்தனரோ, அறியேன்!

இனி, இக்கலையின் தலையாய செய்திக்கு வருவோம். தடையோட்டம் என்றதும் தாண்டுதலே நம் நினைவுக்கு வரும். ஆனால் குட்டிப்பருவத்தில் தாண்டுதல் கூடாது. எமக்கு இதனை விளக்கியவர் ஒரு கால்நடை மருத்துவர். இளங்குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே மெல்லிய குருத்தெலும்புப் படலம் உண்டு. எலும்பு நீள்வது அவ்விடத்தேதான். வளர்ச்சி முற்றியபின் அது கெட்டியாகிவிடும். சிறு நாய்களில் இது முன்னதாகவும் பெருநாய்களில் பிந்தியும் நிகழும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குமுன் உயரத்தினின்று மீண்டும் மீண்டும் குதித்து அப்படலம் நைந்தால், கால் கோணி வளரக்கூடும். உலகப் போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை.

ஆயின், அதுவரை என் செய்வது? செய்வதற்கு நிரம்ப உண்டு. நாய்க்குத் தன் முன்கால்கள் தெரியும். பின்கால்கள் தொடர்ந்து வருகின்றன என்பதை அது பெரிதும் எண்ணுவதில்லை. மூங்கில் ஏணியைத் தரையிற் படுக்க வைத்து, அதன் படிகளுக்கிடையே மெல்ல நடத்தினோம். முதல் நாள் பின்கால்கள் தடுமாறின. பத்தாம் நாள் நான்கு கால்களும் எண்ணி வைத்தாற்போல் விழுந்தன. தென்னை மரத்தைச் சுற்றிவரப் பழக்கினோம். குறுக்குக் கோலைத் தரையில் இட்டு, இரு கழிகளுக்கு நடுவே ஓடிவரச் செய்தோம். சீசாப் பலகை தரையில் மோதும் ஓசைக்கு அஞ்சி, நல்ல நாய்களும் களத்தில் பின்வாங்குவதுண்டு. அதற்கு முன்னேற்பாடாக, பலகையின் ஒருமுனையின்கீழ் மடித்த சாக்கை வைத்து, முகில் கால்வைத்தவுடன் அது விரலளவே தாழுமாறு செய்தோம். தாழ்ந்தவுடன் முட்டைத் துண்டு. சாக்கை நாளடைவில் மெலிதாக்கினோம். வரவர, அப்பலகை 'டொக்' என்னும் போதெல்லாம் முகில் வாலாட்டியது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடமே பாடம். அதுவும் வெயில் ஏறுமுன். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே வெப்பம் தணிக்கும்.

முகிலுக்கு ஐந்து திங்கள் ஆனபோது என் பழைய மாணாக்கர் ஒருவர் இல்லம் வந்தார். எங்கள் பகுதியின் ஆண்டுவிழாவை நடத்துபவர் அவர்.

"ஐயா, தங்கள் வீட்டுக் குட்டி மிகுந்த கெட்டிக்காரன் என்று கேள்வி. மேடையில் ஒரு வளையத்தினூடே நான்கைந்து முறை பாய்ந்தால் போதும். பரிசும் உண்டு" என்றார்.

நான் பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தோழியர் அனைவரும் அவ்விழாவுக்கு வருவர். "உன் நாய்க்குத் தாண்டவே தெரியாதாமே" என்று அவர்கள் எள்ளியதையும் நான் அறிவேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

"வேண்டா மாமா, அதன் எலும்பு இன்னும் முற்றவில்லை" என்றாள்.

அவர் நகைத்தார். "தெருநாய்க்கு எலும்பு பார்ப்பார் உண்டோ, அம்மா?"

அவள் மறுமொழி கூறாமல் முகிலைக் கொண்டுவந்து அவர் அருகே அமர்த்தினாள். அவர் கையைப் பற்றி, குட்டியின் முன்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வைத்தாள். வளரும் குட்டிகளுக்கு அவ்விடம் முடிச்சிட்டாற்போல் புடைத்திருக்கும்.

"இங்கேதான் மாமா வளர்கிறது. தொட்டுப் பாருங்கள்."

அவர் தொட்டுப் பார்த்தார்; அதன்மேல் வற்புறுத்தவில்லை. ஆயினும், விடைபெற்றுச் சென்றபோது அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. விழாவில் வேறொருவரின் இளங்குட்டி வளையத்தினூடே பாய்ந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. என் பேத்தியும் கூட்டத்தில் அமர்ந்து கைதட்டினாள். அன்றிரவு அவள் சரியாக உண்ணவில்லை. அக்குட்டிக்கு ஊறு நேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை; நேரவும் வேண்டா. ஊறு நேராமற் காப்பவரின் உழைப்புக்குக் கைதட்டுவார் இலர் என்பதை அச்சிறு பெண் அன்று தனியே அறிந்துகொண்டாள். மறுநாள் வைகறையில் ஏணியைத் தரையிற் பரப்பும் ஓசை கேட்டே நான் விழித்தேன்.

முகிலுக்கு இப்போது பதினொரு திங்கள் நடக்கின்றன. மணிக்கட்டின் மேலிருந்த புடைப்பு பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. அடுத்த திங்கள் மருத்துவரிடம் மீண்டும் காட்டுவதாக உள்ளோம். முற்றத்தில் ஆறு கழிகள் நட்டாயிற்று. இரு வரிசையாய் அகல நட்டு, நடுவே நேராக ஓடவிட்டுள்ளோம். நாளுக்கு நாள் கழிகளைச் சிறிது சிறிதாக நெருக்குவது பேத்தியின் திட்டம். குறுக்குக் கோல் இன்னும் தரையில்தான் கிடக்கிறது.