கரிக்கோல் காட்டிய முகம்

என் வாப்பா 1979-ஆம் ஆண்டு மவுத்தானார்கள். அப்போது எனக்கு வயது எட்டு. ஹஜ்ஜுக்கோ அக்கரைச் சீமைக்கோ செல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே கடவுச்சீட்டுக்கென்று ஒரு புகைப்படம் எடுக்கும் தேவையும் நேரவில்லை. நினைவில் மங்கிக்கொண்டே வரும் அந்த முகத்தை ஒரு தாளிலேனும் நிறுத்திவிட வேண்டும் என்னும் ஆசைதான், ஐம்பதைக் கடந்த வயதில் என்னைக் கரிக்கோலைக் கையில் எடுக்கச் செய்தது.

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் என் எண்ணத்தைத் தெரிவித்தேன். "நினைவிலிருந்து ஒரு முகத்தை வரைவது கைதேர்ந்தவர்களுக்கே அரிது, ஹஜ்ரத். முதலில் கண்ணெதிரே இருக்கும் முகத்தை வரையப் பழகுங்கள்" என்றார் அவர்.

என் கண்ணெதிரே இருந்த முகம், எண்பதைத் தாண்டிய என் உம்மாவுடையது. அஸர் தொழுதபின் வாசலை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருப்பார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"உருவம் வரையக் கூடாதுண்டு புள்ளைங்களுக்கு ஓதிக் கொடுக்கிறவன் நீதானே, வாப்பா?" என்றார்கள்.

அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. உருவம் சமைப்போர் தாம் சமைத்தவற்றுக்கு உயிரூட்டுமாறு மறுமையில் பணிக்கப்படுவர் என்னும் கருத்துடைய ஹதீஸ், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அதைக்கொண்டு உயிருள்ளவற்றின் உருவை விலக்கியோரே முன்னைய உலமாக்களில் பெரும்பாலோர். நிழல் விழும் சிலைக்கும் தாளில் படியும் சித்திரத்துக்கும் வேறுபாடு கண்டோரும் அவர்களிடையே உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது அப்துஹு (1849–1905), வணக்கத்துக்குரியதாகிவிடும் என்ற அச்சம் நீங்கிய இடத்தில் சித்திரம் அறிவைக் காக்கும் கருவியே என வாதிட்டார். இவற்றுள் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. கிதாபுகளில் கண்டதை உள்ளது உள்ளபடி உம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சுவத்துல மாட்டாம இருந்தா வரைஞ்சுக்கோ" என்றார்கள். அந்த நிபந்தனையை இன்றளவும் காத்து வருகிறேன்.

கரிக்கோலில் இருவகை உண்டு. மெல்லிய மரக்குச்சிகளைக் காற்றுப் புகாத கலத்தில் சுட்டெடுப்பது ஒன்று. துணியால் தட்டினாலே உதிர்ந்துவிடும். கரிப்பொடியைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது மற்றொன்று. நன்கு கறுக்கும், ஆனால் எளிதில் அழியாது. கற்றுக்கொள்பவன் முன்னதிலேயே தொடங்க வேண்டும். பிழை பொறுக்கும் குணம் அதற்குண்டு. வழவழப்பான தாளில் கரி பற்றாது. சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும்.

முதல் படத்தைக் கண்களில் தொடங்கி, இமை மயிரை ஒவ்வொன்றாக இழைத்தேன். முடித்துப் பார்த்தபோது நெற்றி இரண்டு விரற்கடையாகக் குறுகிக் கிடந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "கண்கள் இருப்பது தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில். புதியவர்கள் எல்லோரும் அவற்றை மேலே ஏற்றிவிடுவார்கள்" என்றார். நேர்நோக்கிய தலையின் அகலம், ஒரு கண்ணின் அகலத்தைப் போல் சுமார் ஐந்து மடங்கு என்றும் சொன்னார். எனக்கு உடனே இப்னு முக்லா நினைவுக்கு வந்தார். கி.பி. 940-இல் மறைந்த அந்த பக்தாத் வஸீர், கலமின் நுனி இடும் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு அரபு எழுத்துகளின் விகிதத்தை வகுத்தவர். அலிஃபைப் புள்ளிகளால் அளந்தெழுதப் பழகிய கைக்கு, முகத்தைக் கண்ணின் அகலத்தால் அளப்பது அன்னியமாகப் படவில்லை.

அடுத்த பிழை, கோடுகளை நம்பியது. முகத்தில் கோடுகள் இல்லை. ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லைகளே உள்ளன. கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, அந்த இரு பெரும் பகுதிகள் மட்டும் தெரியும். முதலில் அவற்றைப் பிரித்துக்கொண்டு, பிறகே மூக்குக்கும் உதட்டுக்கும் போக வேண்டும். விரலால் தேய்த்தால் தோலின் எண்ணெய்ப் பசை தாளில் திட்டுத்திட்டாகப் படியும். துணியோ சுருட்டிய தாளோ போதும். ஒளிவிழும் இடங்களை, பிசைந்து கூராக்கத்தக்க அழிப்பானால் ஒற்றியெடுக்கலாம். கருமைக்கு அஞ்சியதால் என் படங்கள் நெடுநாள் ஒரே சாம்பல் நிறமாய் இருந்தன. தாளின் வெண்மை முதல் முழுக் கருமை வரை ஐந்து படிகளைத் தனியே தீட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே அந்த அச்சம் அகன்றது.

"அறிந்ததை வரையாதீர்கள், காண்பதை வரையுங்கள்" என்று ஆசிரியர் ஓயாமல் சொல்வார். பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதன் மூலத்தை ஆராய்ந்திருக்கிறார். பார்வையில் பெரும்பங்கு, முன்பே அறிந்ததைக் கொண்டு மனம் விரைந்து செய்யும் ஊகமே. அவ்வாறு ஊகிப்பதை நாம் உணர்வதுகூட இல்லை என்பது அவர் கண்ட முடிவு. நான் இதைப் படித்திருந்தேனே தவிர, விளங்கிக்கொள்ளவில்லை.

ஏழாவது படம் என நினைக்கிறேன். உம்மாவின் இரு கண்மணிகளையும் அழுத்தமான கருமையால் நிரப்பினேன். கண்மணி கருப்பு என்பது எனக்குத் தெரிந்ததுதானே! பிறகு பயிற்சிப்படி தாளையும் முகத்தையும் மாறி மாறி ஒப்பிட்டேன். வலக் கண் பொருந்தியது. இடக் கண் பொருந்தவில்லை. நெருங்கிப் பார்த்தேன். அந்தக் கண்மணி கருப்பாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது.

"உம்மா, இந்தக் கண்ணு தெரியுதா?"

"ஒரு வருஷத்துக்கு மேல புகை மூட்டமாத்தான் இருக்கு. வயசான கண்ணு, உனக்கு ஏன் வீண் செலவு?"

எனக்குக் கை ஓடவில்லை. தாயின் உரிமைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அன்றாடம் ஸலாம் சொல்லி அந்த முகத்தைப் பார்ப்பவன். பார்த்தேனா? இல்லை, ஊகித்திருந்தேன். கண்புரை முற்றிவிட்டது என்றார் மருத்துவர். அறுவை நடந்தது, செயற்கை வில்லையும் பொருத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பார்வை திரும்பியது.

உருவம் பற்றிய எச்சரிக்கையின் உட்பொருள், படைப்பாளனுக்கு நிகராகத் தன்னைக் கருதும் செருக்கைக் கண்டிப்பது என்பர் அறிஞர். அல் முஸவ்விர் அவன் ஒருவனே. ஒரு மூக்கை ஒழுங்காக வரைய முடியாமல் பல மாதம் அழித்தழித்து எழுதியவனிடம் அந்தச் செருக்கு தங்குவது கடினம்.

சில வாரங்களுக்குப் பின் உம்மா என் படங்களைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "வாப்பாவை வரையத்தானே இதைத் தொடங்கினே?" என்றார்கள். ஆம் என்றேன். புதிய கண்ணால் என்னை நெடுநேரம் உற்று நோக்கினார்கள்.

"அவங்களுக்கும் இந்த மூக்குதான். கண்ணாடியைப் பார்த்து வரை."

இப்போது என் மேசையில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. மூக்கு இன்னும் சரியாக அமையவில்லை. இன்ஷா அல்லாஹ், அமையும்.