செருகியும் சமூகமும்

முற்காலத்தே ஒரு சிற்றூர்ச் சபையோ பாடசாலையோ தன் செய்தியைப் பலரும் அறியச் செய்ய வேண்டுமாயின், அச்சுக்கூடத்தை நாடியது. காகிதத்திற்கும் கூலிக்கும் பொருள் தேடியது. இக்காலத்தே அப்பணியின் பெரும்பகுதியை இணையதளம் ஏற்றுக்கொண்டது. அத்தகைய தளங்களை அமைத்துத் தரும் மென்பொருள்களுள் முதன்மை பெற்றது வேர்ட்பிரஸ் ஆகும். உலகிலுள்ள இணையதளங்களுள் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டவை இதன் மேல் நிற்கின்றன. இம்மென்பொருளையும், இதனோடு இணையும் செருகிகளையும், அவற்றை ஆக்கிக் காக்கும் மக்களையும் குறித்துச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு, அதுவும் பிறரால் இயலாத வேலை உண்டு என்பதே என் துணிபு.

இதன் வரலாறு மிகச் சுருங்கியது. மிஷெல் வால்ட்ரிகி என்பார் ஆக்கிய ‘பி2’ என்னும் மென்பொருள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனை அமெரிக்க நாட்டு மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்து நாட்டு மைக் லிட்டிலும் எடுத்துத் திருத்தி, 2003ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் வேர்ட்பிரஸ் என்னும் பெயரால் வெளியிட்டனர். அக்காலை முல்லன்வெக்குக்கு வயது 19. அஃதாவது, நம் வகுப்பு மாணவருட் பலரின் வயதே. ஒருவர் விட்ட பணியை மற்றொருவர் தடையின்றித் தொடர்வதற்கு இடந்தந்தது, ‘குனு பொது உரிமம்’ என்னும் ஏற்பாடாகும். அவ்வுரிமத்தின்படி நிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் திருத்தியதை வழங்குங்கால் அதே உரிமையைப் பிறர்க்கும் அளித்தல் வேண்டும்.

இனிச் செருகி என்பது யாதென ஆராய்வோம். இதனைச் செருகுநிரல் என்பாரும், நீட்சி என்பாரும் உளர். கொண்டையிற் பூவைச் செருகுதல் போலக் கொண்டையைக் குலைக்காமலே அழகும் பயனும் சேர்ப்பதாகலின், செருகி என்னும் சொல் எனக்கு உவப்பாயிற்று. இலக்கணம் பயின்றார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நன்னூலார் பதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புக் கூறினார். ‘செய்’ என்னும் பகுதி தன் வடிவம் கெடாமலே நின்று, செய்தான் எனவும் செய்கிறாள் எனவும் செய்வார் எனவும் பொருள் விரிகின்றது. வேர்ட்பிரஸின் மூலநிரல் பகுதி போன்றது. செருகிகள் விகுதியும் இடைநிலையும் போன்றவை. அவை வந்து பொருந்துதற்கென்றே மூலநிரலில் ஆங்காங்குக் கொக்கிகள் வைக்கப்பட்டுள்ளன. மூலநிரலையே வெட்டித் திருத்தினால், புதிய பதிப்பு வருங்கால் அத்திருத்தம் அழிந்துபோம். செருகியாக அமைத்தால் பதிப்பு மாறினும் அது நிலைக்கும். இவ்வமைப்பு 2004ஆம் ஆண்டு வெளிவந்த 1.2ஆம் பதிப்பில் தோன்றியது. இன்று பொதுப் பட்டியலில் 50,000க்கு மேற்பட்ட செருகிகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

அவற்றுள் நம்மனோர்க்குப் பயன்படுவன சிலவே. வேண்டாத விளம்பரக் குறிப்புகளை வடித்து நீக்குவது அகிஸ்மெட். தளம் முழுவதையும் படியெடுத்து வேறிடத்திற் காப்பது அப்டிராஃப்ட்பிளஸ். பார்வையாளர் எழுதும் விண்ணப்பத்தை நிருவாகியிடம் சேர்ப்பது கான்டாக்ட் ஃபார்ம் 7. இது ஜப்பானியர் ஒருவர் ஆக்கியது. ஒரே தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்த உதவுவது பாலிலாங். எழுத்துருக்களைச் சேர்ப்பதற்கு முன்னர்த் தனிச் செருகியைத் தேடுவது வழக்கம். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 6.5ஆம் பதிப்பு முதல் அவ்வசதி மூலநிரலிலேயே இடம்பெற்றது. வாசிப்பதற்கினிய தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து நம் தளத்திலேயே வைத்துக்கொள்ளுதல் இதனால் எளிதாயிற்று.

நிற்க. இவற்றின் பயனையும் குறையையும் யான் கண்டது சேலையூரை அடுத்த ஒரு சிறு சபைக்குத் தளம் அமைத்தபோதாகும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலால் தாம்பரத்தைச் சுற்றிய பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. ஆராதனை உண்டோ இல்லையோ, உணவு எங்குக் கிடைக்கும், யார் வீட்டில் நீர் புகுந்தது என்பன போன்ற செய்திகளை ஓரிடத்தில் வெளியிட வழியின்றிச் சபையார் இடர்ப்பட்டனராம். அதனை எண்ணியே பின்னர்த் தளம் ஒன்று வேண்டுமென முடிவு செய்தனர். அமைத்து முடித்தபின், அச்சபையின் உபதேசியார் என்னிடம் ஒரு வினாக் கேட்டார்: “தம்பி, நாளைக்கு மழை பெய்து ஆராதனை நேரம் மாறினால், உன்னைத் தேடி விடுதிக்கு வரவேண்டுமா? நானே மாற்றலாமா?”

அவர் அறுபது வயது கடந்தவர்; திருமறையைத் தமிழிற் பிழையற வாசிப்பவர்; கைப்பேசியில் தமிழை விரைந்து எழுதவும் வல்லவர். ஆங்கிலம் மட்டும் அறியார். அவர்முன் தளத்தின் பலகையைத் திறந்து வைத்தேன். மூலநிரலின் சொற்கள் பல தமிழில் இருந்தன. ‘வெளியிடு’ என்பதையும் ‘வரைவு’ என்பதையும் கண்டு மகிழ்ந்தார். ஆனால் யான் சேர்த்திருந்த செருகி ஒன்றைத் திறந்தவுடன் எல்லாம் ஆங்கிலமாயிற்று. அவர் கை திரையின் மேல் அசையாது நின்றது. “இதைத் தொட்டால் அழிந்துவிடுமோ?” என்று கேட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தன் சபையின் செய்திக்குத் தானே பொறுப்பாளராக விரும்பும் ஒரு பெரியவரை, நாலைந்து ஆங்கிலச் சொற்கள் வாயிலிலேயே நிறுத்திவிட்டன.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. ‘கிறிஸ்து பிறப்பு விழா ஆராதனை’ என்று அவர் ஒரு தலைப்பு எழுதினார். பக்கம் நன்றாய் வெளிவந்தது; ஆனால் அதன் முகவரியில் ‘கிறிஸ்து-பிறப்பு-விழா-ஆர’ என்பதோடு சொல் அறுந்து நின்றது. காரணம் இதுவே: யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாக எழுதப்படுகின்றது. எனவே குறி ஒன்றிற்கு 9 இடம் வேண்டும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டாகலின் 18 இடம் கொள்ளும். முகவரியின் இப்பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கிய இடமோ 200. ஆங்கிலத்திற்குத் தாராளமான அவ்விடம், தமிழில் மூன்று நான்கு சொற்களுக்குள் நிரம்பிவிடுகின்றது. முகவரியை நாமே ஆங்கில எழுத்திற் சுருக்கி எழுதிவிடலாம். ஆயின் உபதேசியார் அதனை ஒவ்வொரு முறையும் செய்தல் எங்ஙனம்?

இது நம் மொழிக்குப் புதிய இடையூறு அன்று. தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழில் வேதாகமத்தை அச்சிட முயன்றபோது, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தமையால் காகிதத்தை விழுங்கின. ஆகவே அடுத்துள்ள பொறையாற்றிலேயே, பாலாடைக்கட்டிக் கலங்களின் ஈய உறைகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. பொறி வெளியிலிருந்து வந்தது. அதனைத் தமிழின் அளவுக்கு அமைத்துக்கொள்ளும் வேலையோ இம்மண்ணிலேயே நடந்தது. வேர்ட்பிரஸில் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த புதிய எழுதுபலகைக்குக் கூட்டன்பர்க் என்று அச்சின் தந்தையின் பெயரையே இட்டுள்ளனர். பொறையாற்றில் நடந்த வேலை இதற்கும் வேண்டியிருக்கிறது.

அவ்வேலைக்கு வழி அடைத்திருக்கவில்லை. உருசியர் முதலியோர் தம் எழுத்திலமைந்த தலைப்பை இலத்தீன் எழுத்தாக மாற்றி முகவரி அமைக்கும் ‘சிர்-டு-லாட்’ என்னும் செருகியைத் தாமே ஆக்கிக்கொண்டனர். மொழிபெயர்ப்பும் அவ்வாறே. வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்புத் தளத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி இடம் உண்டு. கணக்குத் தொடங்கிய எவரும் ஒரு சொல்லுக்குத் தமிழாக்கம் முன்மொழியலாம்; பொறுப்பாளர் ஆராய்ந்து ஏற்பர். ஒரு செருகியின் தொடர்களுள் நூற்றுக்கு 90 ஏற்கப்பட்டவுடன், அம்மொழிப் பொதி எல்லாத் தளங்களுக்கும் தானே சென்று சேரும். நம் நாட்டில் இத்தகைய கூட்டுழைப்புக்குச் சான்றும் உண்டு. 2012ஆம் ஆண்டு தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் நுட்பங்களைத் தமிழில் எழுதி வருகின்றது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல் தளம் நூல்களை விலையின்றி வழங்குகின்றது. இரண்டும் தன்னார்வலரின் உழைப்பே.

சமூகமென்றால் எப்பொழுதும் இணக்கமே நிலவுமென எண்ணலாகாது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் பெருநிறுவனம் சமூகத்தினின்றும் பெற்ற அளவுக்குத் திருப்பித் தரவில்லை என முல்லன்வெக் குற்றஞ்சாட்டினார். புதுப்பிப்புகளை அந்நிறுவனம் பெறும் வாயில் அடைக்கப்பட்டது. நிறுவனம் அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அம்மாதமே அதன் செருகியொன்று பொதுப் பட்டியலில் வேறு பெயருடன் வேறு கைக்கு மாறியது. டிசம்பர் 10ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டு வாயிலைத் திறப்பித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலோ, சில செருகிகளின் ஆசிரியர்களுடைய கடவுச்சொற்கள் பிறர் கைப்பட்டு, தீய நிரல் உட்புகுத்தப்பட்டது. ஆதலின், ஒரு செருகியைச் சேர்க்குமுன் அஃது எப்போது புதுப்பிக்கப்பட்டது, யார் பேணுகின்றனர், கேட்கப்பட்ட ஐயங்களுக்கு விடை தருகின்றனரா என்பவற்றை நோக்குதல் வேண்டும். வேண்டாததை நீக்குவதும் வேண்டியதைப் படியெடுத்து வைப்பதும் நம் கடன்.

இனித் தமிழ் மாணவனின் வேலைக்கு வருவோம். நிரல் எழுத வல்லார் நம் கல்லூரியின் பிற துறைகளிற் பலர் உளர். ஆனால் ஒரு பொத்தானின் மேல் எழுதப்படும் சொல் ஏவலாக வேண்டுமா, தொழிற்பெயராக வேண்டுமா. ‘நீக்கு’ என்பதற்கும் ‘அழி’ என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது. படிப்பவர் அஞ்சாத சொல் எது என்று ஆராயும் பயிற்சி நமக்கே மிகுதி. தொல்காப்பியமும் நன்னூலும் பயிலுவதன் பயன் தேர்வோடு முடிய வேண்டுவதில்லை. ஒரு மாணவர் வாரத்திற்கு இருபது தொடர்களை மொழிபெயர்த்தாலும், பத்து மாணவர் கூடினால் ஒரு பருவத்திற்குள் சபைகளுக்கும் சிறு பாடசாலைகளுக்கும் மிகவும் வேண்டிய இரண்டொரு செருகிகளைத் தமிழாக்கிவிடலாம். முகவரிக் குறைக்கும், கணினித் துறை நண்பரோடு அமர்ந்தால் வழி பிறக்கும்.

என் வகுப்புத் தோழர் நால்வர் இதற்கு இசைந்துள்ளனர். உபதேசியார் கைவைக்க அஞ்சிய அச்செருகியையே முதலில் எடுத்திருக்கிறோம். சொற்களை முடிவு செய்யுமுன் அவரிடமே வாசித்துக் காட்டி, விளங்காதவற்றை மாற்றி வருகிறோம். இவ்விதழ் வாசிக்கும் மாணவரும் பழைய மாணவரும் இப்பணியிற் கைகொடுப்பாராயின், அடுத்த மழைக்காலத்திற்குள் அவர் எவரையும் தேடி வாராமலே தம் அறிவிப்பைத் தாமே வெளியிடுவார்.