சிஸ்டர், ஒரு சந்தேகம்!

ஆபீஸில் மேனேஜர் 'வள்'ளென்று விழுந்தால் நமக்கு டீக்கடை இருக்கிறது. இறங்கிப் போய் ஒரு டீ, அவரைப் பற்றி நாலு வார்த்தை... மனசு லேசாகிவிடும். ஐ.சி.யு. நர்ஸுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பேஷன்ட்டை விட்டு நகர முடியாதே!

என் தங்கை ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் நர்ஸ். சேர்ந்து ஏழு மாசம். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் அவள் பதறுவதில்லை. டியூட்டி லிஸ்டில் ஒரு சீனியர் சிஸ்டரின் பெயரைப் பார்த்தால்தான் சோறு இறங்காது. அந்த அம்மா கெட்ட வார்த்தை பேசுவதில்லை. டியூட்டி மாற்றும்போது பாதி விவரத்தை முழுங்கிவிடுவார். சந்தேகம் கேட்டால், "நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் படிச்சே?" என்பார், எல்லார் முன்னாலும். சாப்பிடப் போகும்போது இவளை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"நாங்களும் இப்படித்தான் திட்டு வாங்கிக் கத்துக்கிட்டோம்" என்பது சீனியர்கள் கட்சி. மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் அதே பழைய கதை! பெரிய டாக்டர் இன்சார்ஜ் சிஸ்டர் மேல் எரிந்து விழ, இன்சார்ஜ் சீனியர் மேல் விழ, கடைசியில் எல்லாம் புதுசாய் வந்த பெண் தலையில்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. 'நர்ஸுகளே, நாம் நம் குட்டிகளையே தின்கிறோமா?' என்று அமெரிக்காவில் ஜூடித் மெய்ஸ்னர் என்பவர் 1986-லேயே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அங்கே ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், இப்படி மிரட்டுவது சிகிச்சையில் தவறுகளுக்கு வழி வகுக்கும் என்று 2008-ல் எச்சரித்தது.

எப்படி என்கிறீர்களா? இன்சுலின், ஹெப்பாரின் எல்லாம் அளவு தப்பினால் ஆபத்தான மருந்துகள். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். அதனால்தான் இதையெல்லாம் ஒரு நர்ஸ் எடுத்துவைத்தால் இன்னொரு நர்ஸ் சரிபார்க்க வேண்டும் என்று பல ஆஸ்பத்திரிகளில் விதி. ராத்திரி மூணு மணி. அந்த இன்னொருவர் முகத்தை 'உர்'ரென்று வைத்துக்கொண்டிருந்தால், சின்னப் பெண் எந்த தைரியத்தில் கூப்பிடுவாள்? சார்ட்டில் இரண்டு கையெழுத்தும் இருக்கும். பார்த்தது என்னவோ ஒரு ஜோடிக் கண்தான். பெட்டில் படுத்திருப்பது நம் அப்பாவாகவும் இருக்கலாம்.

கண்டிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? உயிர் போகும் இடத்தில் கண்டிப்பு வேண்டும்தான். ஆனால் கண்டிக்கிற சீனியரிடம் மறுநாளும் போய் சந்தேகம் கேட்கலாம். மானத்தை வாங்குகிறவரிடம் அது நடக்காது.

"வேலையை விட்டுடேன்டி" என்கிறாள் அம்மா. தங்கை விடுவதாயில்லை. நடந்ததையெல்லாம் தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுதிவருகிறாள். அதோடு நர்சிங் சூப்பரின்டெண்டெண்டைப் பார்க்கப் போகிறாள்.

நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான். "இன்னும் ரெண்டு வருஷத்துல நீ சீனியர். ஒரு புதுப் பொண்ணு நடுங்கிக்கிட்டே வந்து, 'சிஸ்டர், ஒரு சந்தேகம்'னு நிப்பா. அன்னிக்கு நல்லா பதில் சொல்லு!"